தகப்பன் பேரும் தாயின் எழுத்தும்: வஹகோட்டையிலிருந்து ஜீன் அரசநாயகம் வரை

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலப் பக்கம், வஹகோட்டை எண்டு ஒரு ஊர் இருக்கு. பேரைச் சொன்னவுடனே எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வாறது அந்தோனியார் கோயில்தான். ஜூன் மாதத் திருவிழாவுக்கு நாட்டின் பல பக்கத்திலிருந்தும் சனம் வரும். கத்தோலிக்கர் மட்டும்தான் வருவார்கள் எண்டு நினைக்க வேண்டாம். நேர்த்தி வைத்த சைவக்காரரும் பௌத்தரும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பது இலங்கையில் எந்த அந்தோனியார் கோயிலிலும் காணக்கூடிய காட்சி.

ஆனால் இந்த ஊரின் பழைய கதை ஒரு கலியாணக் கதை. சரியாகச் சொன்னால், ஒரே சமயத்தில் நடந்த பல கலியாணங்களின் கதை.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கரையோரத்தில் போர்த்துக்கேயரின் ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1638 மார்ச்சில் கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கனின் படை அவர்களைத் தோற்கடித்தது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. சண்டையில் பிடிபட்டவர்கள், அடைக்கலம் கேட்டு வந்தவர்கள், ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்தபடியால் மலைக்கு ஏறியவர்கள் என்று பலர் கண்டி இராச்சியத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்த போர்த்துக்கேயரில் ஒரு பகுதியினர் குடியேற்றப்பட்ட இடம்தான் வஹகோட்டை. அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். இன்றைக்கு அந்த ஊரில் இருப்பவர்கள் அந்தக் கலியாணங்களின் வழித்தோன்றல்கள்.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். வஹகோட்டை மக்கள் கத்தோலிக்கர். அது தகப்பன் வழி வந்தது. அவர்கள் பேசுவது சிங்களம். அது தாய் வழி வந்தது. போர்த்துக்கேய மொழி சில தலைமுறைக்குள் காணாமல் போச்சு. மதம் மட்டும் நின்றது. கோவாவிலிருந்து 1687இல் இரகசியமாக இலங்கைக்கு வந்த யோசப் வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்குள் வரும்வரை அந்த இராச்சியத்துக் கத்தோலிக்கர் பல வருடம் குருவானவர் இல்லாமலேதான் இருந்தார்கள். அவ்வளவு காலம் பிள்ளைகளுக்கு செபம் சொல்லிக் கொடுத்தது யார்? வீட்டில் இருந்த தாய்மாருக்கும் அதில் பெரிய பங்கு இருந்திருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறேன். தாங்கள் பிறந்து வளர்ந்த மதத்தை விட்டு, புருசனின் மதத்தைத் தங்கட மொழியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த பெண்கள் அவர்கள்.

அந்தப் பெண்களின் பேர் என்ன? வரலாற்றுப் புத்தகத்தில் மன்னனின் பேர் இருக்கு, தளபதிகளின் பேர் இருக்கு, குருமாரின் பேர் இருக்கு. இவர்கள் "உள்ளூர்ப் பெண்கள்" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிப் போகிறார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயன் ரொபர்ட் நொக்ஸ், தன்னோடு பிடிபட்டவர்களில் பலர் உள்ளூரில் பெண் எடுத்ததை 1681இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதுகிறான். அங்கேயும் கதை ஆண்களின் கதைதான்.

மதம் மாறி, இனம் மாறி நடக்கிற ஒரு கலியாணத்தில் பெண்ணின் பேர் எங்கே போகிறது? வஹகோட்டைப் பெண்கள் இதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. ஆனால் முந்நூறு வருடத்துக்குப் பிறகு, பக்கத்து மாவட்டமான கண்டியில், அப்படியொரு கலியாணம் செய்த ஒரு பெண் எழுதினார். நாற்பது வருடத்துக்கு மேலாக எழுதினார். அவர்தான் ஜீன் அரசநாயகம்.

பறங்கியர் எண்டா யார்?

ஜீன் பிறந்தது 1931 டிசம்பர் 2இல், ஓர் ஒல்லாந்தப் பறங்கியர் குடும்பத்தில். பிறந்தபோது அவரின் குடும்பப் பேர் சொலமன்ஸ். அவரின் கதைக்குள் போக முதல், பறங்கியர் எண்டா யார் என்ற கேள்வியைப் பார்த்துவிடுவோம். ஏனெண்டா இந்தக் கட்டுரையின் சிக்கல் அங்கேதான் தொடங்குது.

ஆங்கிலேயர் காலத்தில், கோல்புறூக் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த நேரம், பிரதம நீதியரசராக இருந்தவர் றிச்சட் ஒட்லி. பறங்கியருக்கு அவர் ஒரு வரைவிலக்கணம் கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: தகப்பன் வழியில் முன்னோர் ஐரோப்பியராக இருந்தால் ஒருவர் பறங்கியர். தாய் யாராக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் தகப்பன் வழிப் பாட்டன் உள்ளூர்க்காரன் என்றால் அவர் பறங்கியர் இல்லை. 1908இல் கொழும்பில் தொடங்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும் அங்கத்தவர் சேர்க்கும்போது கேட்டது தகப்பன் வழி வம்சாவளியைத்தான். ஒல்லாந்தக் கம்பனியில் வேலை பார்த்த ஒரு ஐரோப்பியரிலிருந்து ஆண் வழியாக இறங்கி வந்திருக்க வேண்டும். குடும்பங்களின் வம்ச அட்டவணைகளைச் சங்கம் தன் சஞ்சிகையில் வரிசையாக அச்சிட்டு வந்தது.

இந்த விதியை வஹகோட்டைக்குப் போட்டுப் பாருங்கள். தகப்பன் வழியில் போர்த்துக்கேயர். அப்படியெண்டா அவர்கள் பறங்கியராக இருக்க வேண்டும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் சிங்களக் கத்தோலிக்கர். அங்கே தாயின் மொழி வென்றது. இன்னொரு பக்கம் ஒண்டாச்சி குடும்பத்தைப் பாருங்கள். எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சியை எல்லோரும் பறங்கியர் எண்டுதான் சொல்லுவார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் இலங்கை மூதாதை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு மருத்துவர். ஒட்லியின் விதிப்படி பார்த்தால் அவர்கள் உள்ளுக்கே வர முடியாது.

ஆக, விதி எண்டு ஒன்று கடதாசியில் இருக்கு. வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கு. ஆனாலும் யாரை எந்தப் பட்டியலில் போடுவது என்று வரும்போது எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்றேதான்: உன் தகப்பன் யார்?

1961

ஜீன் வளர்ந்தது கண்டிக்குப் பக்கத்தில், கடுகண்ணாவையில். கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஆங்கிலம் கற்பித்தார். பிற்காலத்தில் ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் முதுமாணியும் செய்தார். ஓவியமும் வரைவார்.

1961இல் அவர் தியாகராஜா அரசநாயகத்தை மணந்தார். அவரும் ஆசிரியர், அவரும் எழுதுகிறவர். யாழ்ப்பாணத்துச் சைவத் தமிழர். ஜீன் கிறிஸ்தவப் பறங்கியர்.

அது என்ன வருடம் எண்டு யோசித்துப் பாருங்கள். 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டம் 1961 ஜனவரி 1 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு இராணுவத்தை அனுப்பி அதை முடித்தார்கள். இன்னொரு பக்கம், ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்ட பறங்கியர் குடும்பங்கள் சாமான் கட்டிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. தன் ஆக்கள் நாட்டை விட்டுப் போகிற காலத்தில், நாடு ஓரம் கட்டத் தொடங்கிய ஒரு சமூகத்துக்குள் ஜீன் மருமகளாகப் போகிறார்.

சட்டப்படி இந்தக் கலியாணத்துக்குத் தடை இல்லை. இந்தியாவில் மதம் மாறாமல் மணம் முடிக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தேடிப் போக வேண்டும். 30 நாள் அறிவித்தல், யாரும் ஆட்சேபிக்கலாம் எண்டு பெரிய கரைச்சல். இலங்கையில் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இருக்கு. முஸ்லிம்களுக்கு வேறு சட்டம். மற்றபடி சைவரும் கிறிஸ்தவரும் பௌத்தரும் ஆளை ஆள் மாறி மணந்து பதிவு செய்யலாம். யாரும் மதம் மாறத் தேவையில்லை.

வாசலில் தடை இல்லை. ஆனால் உள்ளே போன பிறகு வேறு ஒரு சட்டம் காத்திருக்கு. அதுதான் தேசவழமை.

தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டம். அதை முதன்முதலில் எழுத்தில் தொகுத்தது ஓர் ஒல்லாந்த அதிகாரி, கிளாஸ் ஐசாக்ஸ். 1707இல் அது சட்டமாக்கப்பட்டது. பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1911இல், யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு கலப்புத் திருமணத்தைப் பற்றிச் சொல்கிறது. தேசவழமை பொருந்துகிற ஒரு பெண் வெளியே கலியாணம் செய்தால், அந்தக் கலியாணம் நீடிக்கும்வரை தேசவழமை அவளுக்குப் பொருந்தாது. தேசவழமை பொருந்தாத ஒரு பெண் அது பொருந்துகிற ஒரு ஆணை மணந்தால், கலியாணம் நீடிக்கும்வரை அவளும் தேசவழமைக்குள் வருவாள். ஆணைப் பற்றி அப்படி ஒரு வரியும் இல்லை. அவன் யாரைக் கட்டினாலும் அவன் அவனேதான்.

இது சும்மா பேர் மாற்றம் இல்லை. 1923க்குப் பிறகு பொதுச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஒரு பெண் தன் காணியைத் தானே விற்கலாம். தேசவழமைக்குள் வந்த மனைவி தன் அசையாச் சொத்தை விற்க வேண்டுமெண்டால் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். அதாவது ஒரு பறங்கிப் பெண் யாழ்ப்பாணத்தவரை மணந்தால், பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்த அன்றைக்கே, தன் காணி விசயத்தில் அவள் யாழ்ப்பாணத்துப் பெண். தன் முன்னோரைப் போல ஓர் ஒல்லாந்தன் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் முன்னால் எழுதி வைத்த சட்டத்துக்குள் அவள் வந்து நிற்கிறாள்.

மாமியார் வீடு

சட்டம் ஒரு நாளில் உள்ளே எடுத்துவிட்டது. வீடு அப்படி எடுக்கவில்லை.

ஜீனின் கவிதைகளிலும் கதைகளிலும் மாமியார் அடிக்கடி வருவார். ஆசாரமான சைவக் குடும்பம். வேறு மதம், வேறு இனம், சாதி எண்டு ஒன்று இல்லாதவள். அப்படி ஒருத்தி மகனோடு வந்து நிற்கிறாள். சாமியறை, சமையலறை, சடங்கு எண்டு வீட்டுக்குள் எத்தனை கோடுகள் இருக்கும் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கோடுகளுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்த ஒருவரின் எழுத்து அது.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஒதுக்கப்பட்ட மருமகள் எண்டு கோபத்தை மட்டும் அவர் எழுதிவிட்டுப் போகவில்லை. 1984இல் அவர் 'பைரவா' எண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் துணைத் தலைப்பு, நவாலியில் ஒரு பிள்ளைப்பருவம் என்பது. நவாலி யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்ப் பக்கம். சோமசுந்தரப் புலவரின் ஊர். கடுகண்ணாவையில் வளர்ந்த பறங்கிப் பெண், தான் பிறக்காத ஊரில், தான் வாழாத ஒரு பிள்ளைப்பருவத்தை உட்கார்ந்து எழுதுகிறார். பைரவர் சைவ ஊர்களில் காவல் தெய்வம், நாயோடு நிற்கிறவர். தன்னை முழுதாக ஏற்காத ஒரு உலகத்தின் தெய்வத்தின் பேரையே புத்தகத்துக்கு வைக்கிறார்.

அதே நேரத்தில் தன் பக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. 1985இல் 'ஒரு காலனித்துவ மரபுரிமை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதைத் தொகுதி. பிறகு 2006இல் 'ஒரு நல்ல பறங்கிப் பெண்பிள்ளை' என்ற பொருளில் தலைப்பிட்ட தன் வரலாற்று நூல். தன் முன்னோர் கப்பலில் வந்து இந்த மண்ணைப் பிடித்தவர்கள் என்பதை அவர் மறைத்து எழுதுகிறவர் இல்லை. ஆண்டவர்களின் இரத்தமும் தன்னில் இருக்கு, ஆளப்பட்டவர்களின் இரத்தமும் இருக்கு என்ற சங்கடத்தோடுதான் எழுதுகிறார்.

மதங்களுக்கு இடையிலான திருமணம் எண்டதும் எங்களுக்கு உடனே வாறது சினிமாக் கதை. வீட்டில் எதிர்ப்பு, ஓட்டம், கடைசியில் பேரப்பிள்ளை பிறந்தவுடன் எல்லாரும் சேர்ந்து சிரிப்பது. ஜீனின் எழுத்தில் அப்படி ஒரு கடைசிக் காட்சி வருவதில்லை. கலியாணம் முடிந்து இருபது வருடம் கழித்தும் அவர் யார் என்ற கேள்வி திறந்தே கிடந்தது. பிறகு ஒரு நாள் தெருவில் இருந்தவர்கள் அந்தக் கேள்வியை மூடினார்கள்.

83

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24ஆம் திகதி இரவு கொழும்பில் தொடங்கிய வன்முறை மலைநாட்டுக்கும் ஏறியது. 26ஆம் திகதி கண்டியில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. மாத்தளையிலும் எரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலுக்கே நெருப்பு வைத்தார்கள். இறந்தவர்கள் 400க்குள் எண்டது அரசாங்கம். வேறு மதிப்பீடுகள் 3,000 வரை போகின்றன.

அந்தக் கும்பல்கள் பல இடங்களில் வாக்காளர் இடாப்போடு வந்தன. இது பல அறிக்கைகளில் பதிவான விசயம். வாக்காளர் இடாப்பில் என்ன இருக்கும்? வீட்டு இலக்கமும் பேரும். அதில் இனம் எழுதியிருக்காது. பேரைப் பார்த்தால் போதும்.

அரசநாயகம் என்ற பேர் இருந்தால் வேறு விசாரணை தேவையில்லை. அந்த வீட்டில் இருக்கிற அம்மா பறங்கியரா, கிறிஸ்தவரா, ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிறவரா எண்டு யாரும் கேட்கப் போவதில்லை. ஜீனும் கணவரும் இரண்டு மகள்மாரும் வீட்டை விட்டு வெளியேறி, அகதி முகாமில் தங்க வேண்டி வந்தது. தான் பிறந்து வளர்ந்த மாவட்டத்திலேயே, தன் ஐம்பத்தோராவது வயதில், அவர் அகதி.

மாமியார் வீடு இருபத்திரண்டு வருடமாகக் கொடுக்கத் தயங்கிய ஒன்றை, கும்பல் ஒரே நாளில் கொடுத்துவிட்டது. நீ தமிழ்தான் எண்டது. ஒட்லியின் வரைவிலக்கணம், 1911ஆம் ஆண்டுச் சட்டம், 83இல் பெற்றோல் கானோடு வந்தவன் மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. பெண் யார் எண்டதை ஆணின் பேர் சொல்லும். நான் சட்டத்தையும் கும்பலையும் ஒன்றாக்கவில்லை. ஒருவன் எழுதியது நொத்தாரிசின் மேசையில் இருக்கும், மற்றவன் செய்தது தெருவில் சாம்பலாகக் கிடக்கும். ஆனால் இரண்டு பேரும் ஆளைக் கணக்கெடுத்த முறை ஒன்றுதான்.

இதற்குப் பிறகு ஜீனின் எழுத்து மாறியது. 1973இல் வந்த அவரின் முதல் தொகுதி 'கிந்துரா' ஒரு அமைதியான காலத்தின் புத்தகம். கிந்துரா சிங்கள மரபில் பாதி மனிதன், பாதி பறவையான ஒரு உயிர். 1984இல் வந்ததோ 'அப்போகலிப்ஸ் 83'. அந்தச் சொல்லுக்கு யுக முடிவு எண்டு பொருள் சொல்லலாம். பைபிளின் கடைசிப் புத்தகத்தின் பேர் அது. தமிழருக்கு நடந்த அழிவுக்கு அவர் தன் பிறந்த வீட்டு வேதத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பேர் வைத்தார். இந்த ஒரு விசயத்தில் இரண்டு வீடும் சேர்கின்றன.

பிறகு வந்த 'ஓல் இஸ் பேர்னிங்' என்ற கதைத் தொகுதியின் (1995, இந்திய பெங்குவின்) தலைப்பு எல்லாம் எரிகிறது எண்டு சொல்லுது. புத்தரின் ஆதித்த சூத்திரத்தை அறிந்தவர்களுக்கு அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது எண்டு விளங்கும். பௌத்தத்தின் பேரால் எரித்தவர்களுக்கு முன்னால் பௌத்தத்தின் சொல்லையே கொண்டுவந்து வைத்தது போலத்தான் நான் அதை வாசிக்கிறேன். இது என் வாசிப்பு. நீங்கள் வேறு மாதிரி வாசிக்கலாம்.

பேர் எதிர்த் திசையில் போனால்?

பெண் புருசனின் பேருக்குள் போய்விடுகிறாள் எண்டு மட்டும் சொல்லி முடித்தால் கதை அரைவாசிதான். ராஜினி திராணகமவை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். சிங்களவரான தயாபால திராணகமவை மணந்தார். அவர் பேரின் பின்பாதி சிங்களப் பேர். ஆனால் அவர் வாழ்ந்ததும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படிப்பித்ததும், 'முறிந்த பனை'யை மற்றவர்களோடு சேர்ந்து எழுதியதும் தமிழ்ச் சமூகத்துக்குள் நின்றுதான். 1989 செப்டம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பேர் ஒரு பக்கம் இழுக்க, அவர் எழுத்து வேறு பக்கம் நின்றது. ஜீனைப் போலவே ராஜினியும், பட்டியல் போடுகிறவர்கள் கேட்காத கேள்வியைத்தான் எழுதினார்: என் ஆக்கள் எண்டு சொல்கிறவர்கள் செய்கிறதை நான் எப்படிப் பார்ப்பது? கலப்புத் திருமணம் செய்தவருக்கு மட்டும் இந்தக் கேள்வி சொந்தமில்லை. ஆனால் அவர்களால் அதைத் தட்டிக் கழிக்க முடியாது. சாப்பாட்டு மேசையிலேயே அது இருக்கு.

இன்றைக்கு

இதெல்லாம் பழைய கதை எண்டு சிலர் சொல்லலாம். பழசு எவ்வளவு கிட்டத்தில் இருக்கு எண்டு பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி இலங்கைப் பிரஜை எண்டு காட்டத் தகப்பன் வழியைத்தான் காட்ட வேண்டும். தகப்பன் இங்கே பிறந்தவரா, இல்லாட்டி தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? மலையகத்தில் இலட்சக்கணக்கான எங்கட ஆக்களை நாடற்றவர்களாக்கியது அந்தக் கேள்வி. அந்தக் கேள்விக்குள் தாய் இல்லை. கலியாணம் முடித்த ஒரு தாய் தன் பிரஜாவுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் எண்டு சட்டம் மாறியது 2003இல்தான். என் வயதுக்காரரில் பலர் அதற்கு முதல் பிறந்தவர்கள்.

பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனத்துக்கு ஒரு கூடு, தாயின் இனத்துக்கு ஒரு கூடு இருக்கு. ஆனால் பள்ளிக்கூடப் படிவத்திலும் வேலை விண்ணப்பத்திலும் பிள்ளைக்கு ஒரு கூடுதான். இரண்டு இனத்துக்குப் பிறந்த பிள்ளை அதில் எதைப் போடும்? எனக்குத் தெரிந்த வரையில் பெரும்பாலும் தகப்பனுடையதைத்தான் போடுகிறார்கள். யோசித்துப் போடுவதுகூட இல்லை, பேரோடு சேர்ந்து அது தானாக வந்துவிடுகிறது.

கம்பஸில் வேறு மதத்தவரைக் காதலிக்கிற எங்கட நண்பர்கள் இருக்கிறார்கள். "வீட்டில் ஓமெண்டா எல்லாம் சரி" என்பார்கள். வீட்டில் ஓம் சொல்வது பெரிய விசயம்தான். ஆனால் ஜீனின் வாழ்க்கையைப் பார்த்தால், வீட்டுக்கு வெளியிலும் சில கேள்விகளை முதலே பேசி வைக்க வேண்டும் போல இருக்கு. யாருடைய பேர்? காணி எந்தச் சட்டத்தின் கீழ்? பிள்ளையின் கூட்டில் என்ன? பிரச்சினை வந்தால் இந்த வீடு யாருடைய வீடு எண்டு தெரு நினைக்கும்? இதெல்லாம் காதலுக்கு எதிரான கேள்விகள் இல்லை. வழமையில் பெண் ஒருத்தியே தனியாகச் சுமக்கிற கேள்விகள். இரண்டு பேரும் சேர்ந்து சுமக்கலாம்.

ஜீன் 2019 ஜூலை 30ஆம் திகதி காலமானார். அதற்குக் கொஞ்சம் முந்தி, 'ஒரு கவிஞரின் வாழ்க்கை' என்ற பொருள் கொண்ட தலைப்பில் அவர் எழுதிய கவிதைகளுக்கு 2017ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு கிடைத்தது. இலங்கையின் ஆங்கில எழுத்துக்குக் கொடுக்கப்படும் பெரிய பரிசு அது. மைக்கல் ஒண்டாச்சி தனக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தில் அதைத் தொடங்கினார். கிரேஷியன் எண்டது அவரின் தகப்பன் வழிப் பேர் இல்லை. அவரின் தாய் டொறிஸ், கலியாணத்துக்கு முன்னால் டொறிஸ் கிரேஷியன்.

ஜீனின் மகள்மார் இரண்டு பேரும் எழுதுகிறவர்கள். ஒட்லியின் விதிப்படி அவர்கள் பறங்கியர் இல்லை, தகப்பன் தமிழர். 83இல் வந்தவர்களுக்கும் அதே கணக்குத்தான். அவர்களில் பார்வதி தன் புத்தகங்களில் போடுகிற பேர், பார்வதி சொலமன்ஸ் அரசநாயகம். சைவத் தெய்வத்தின் பேர், அதற்குப் பிறகு தாயின் பிறந்த வீட்டுப் பேர், கடைசியில் தகப்பனின் பேர். மூன்றில் எதையும் அவர் விடவில்லை. வஹகோட்டையில் பேர் இல்லாமல் போன அந்தப் பெண்களுக்கு இப்படி எழுதி வைக்கிற வசதி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கு.